ஒரு மணி நேரத்துக்குள் அடங்காத வளாகம்

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துக்கு நான் முதன்முதலாகப் போனது ஒரு சுற்றுலா வேனில். தக்கலைப் பக்கத்துப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர், பத்மநாபசுவாமி கோயில், மியூசியம், கோவளம் கடற்கரை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாகச் சொல்லித் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கியிருந்தார். கோயிலில் வரிசை நீண்டுவிட்டதால் மியூசியத்துக்கு மிஞ்சியது ஐம்பது நிமிடம். சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் அந்தக் கட்டடத்தின் முன்னால் எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம்; சிலர் நுழைவுச்சீட்டு வாங்கி ஒரு வாசல் வழியாகப் புகுந்து மறு வாசல் வழியாக வெளியே வந்தார்கள்; அதற்குள் வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, “மியூசியத்தில் என்ன பார்த்தீர்கள்?” என்று மகள் கேட்டபோது என்னால் சொல்ல முடிந்தது, கூட்டம் அதிகம் என்பது மட்டும்தான்.

அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வதற்காக இரண்டாம் முறை, ஏழாம் வகுப்பு படிக்கும் மகளையும் எழுபத்தெட்டு வயதான என் தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு, இரணியல் ரயில் நிலையத்தில் காலை வண்டி ஏறினேன். ஒரு முழு நாள் கழித்தும் வளாகத்தில் பாதிதான் முடிந்தது. மீதியைப் பார்க்க இன்னொரு நாள் போக வேண்டியிருந்தது. இந்த மதிப்புரை அந்த இரண்டு நாள்களைப் பற்றியது. குமரி மாவட்டத்திலிருந்தோ, செங்கோட்டை, பாறசாலை, அமரவிளைப் பக்கத்திலிருந்தோ போகிற தமிழ் வாசகர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஏனென்றால் அங்கே இருப்பவற்றில் பல, நம் வீட்டுத் திண்ணையில் பேசப்படுகிற விஷயங்களோடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆட்டோக்காரரிடம் ‘மியூசியம்’ என்று சொன்னால் அவர் ஒரு கட்டடத்தில் அல்ல, பெரிய தோட்டத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்குவார். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வடக்கே, பாளையத்துக்கும் வெள்ளயம்பலத்துக்கும் இடையில் இருக்கும் அந்தத் தோட்டத்துக்குள் தனித்தனியாக நேப்பியர் மியூசியம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், ஸ்ரீ சித்ரா ஓவியக் காட்சியகம், 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட ராஜா ரவிவர்மா காட்சியகம், விலங்குக் காட்சிசாலை ஆகியவை இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்ததாக எண்ணித் திரும்பி வருகிறவர்கள் பலர். வேனில் போன நாங்களும் அவர்களில் சேர்த்தி.

இந்த மியூசியம் 1857-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநரான ஜான் ஆலன் ப்ரௌன், அடிப்படையில் வானிலையையும் பூமியின் காந்தப்புலத்தையும் ஆராய்ந்த ஸ்காட்லாந்து நாட்டு அறிவியலாளர். திருவனந்தபுரம் வானியல் ஆய்வகத்துக்கும் அவரே தலைவர். நம் பொதிகை மலை உச்சியில், அதாவது அகத்தியர் கூடத்தில், 1850-களில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து ஆட்களை ஏற்றி அளவுகள் எடுக்கச் செய்தவர் அவர். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கு அக்காலத்தில் கருவிகளைச் சுமந்து சென்றவர்களை எண்ணிப் பார்த்தால், இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருவர் காட்டிலிருந்தும் மேட்டிலிருந்தும் தோளில் சுமந்து வந்திருக்கிறார் என்ற நினைவு தானாக எழும்.

இனி, இந்த வளாகத்தைப் பற்றி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் ஒரே செய்தி. எல்லோரும் அழகான கட்டடத்தைக் கண்டு முதலில் நேப்பியர் மியூசியத்துக்குள் நுழைகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நேப்பியர் மியூசியத்தில் இருக்கும் கலைப்பொருள்களில் பல மரத்தாலும் தந்தத்தாலும் தோலாலும் ஆனவை. அந்த மரமும் தந்தமும் தோலும் எந்த உயிரிடமிருந்து, எந்தக் காட்டிலிருந்து வந்தன என்பதைக் கண்ட பிறகு கலையைப் பார்த்தால், பார்வையே வேறாகிவிடுகிறது. நாங்கள் தற்செயலாகத்தான் இந்த வரிசையில் போனோம். விலங்குகளை முதலில் பார்க்க வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். உயிருள்ள விலங்குகளுக்கு வெயில் தாழ்ந்த பிறகு போகலாம் என்று சொல்லி, பாடம் செய்யப்பட்டவற்றைக் காட்டி அவளைச் சமாதானப்படுத்தினோம்.

பாடம் செய்த விலங்கு என்பது பொதுவாக மேல்தோலை மட்டும் உரித்துப் பதப்படுத்தி, உள்ளே ஓர் உருவத்தை வைத்து அதன்மேல் போர்த்தியது, கண்கள் கண்ணாடி. உள்ளே சதையோ குடலோ எதுவும் இல்லை என்று சொன்னதும் மகள் ஏமாந்துதான் போனாள். வெளிச்சம் பட்டுப் பட்டுத் தோலின் நிறம் மங்குவது உலகெங்கும் இவ்வகைச் சேகரிப்புகளுக்கு நேர்வது. ஆகவே நிறத்தைப் பார்க்காமல் வடிவத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். கொக்கின் கழுத்து எந்த இடத்தில் மடிகிறது, ஆந்தையின் கால்களில் எதுவரை இறகு வருகிறது, மரங்கொத்தியின் வால் எப்படி முட்டுக்கொடுக்கும் கோலைப் போல விறைத்திருக்கிறது என்பவற்றை, பறந்துபோகாத பறவையிடம்தான் நிதானமாகக் கற்றுக்கொள்ள முடியும்.

எங்களை அதிக நேரம் நிறுத்தியது இருவாட்சி. மலையாளத்தில் வேழாம்பல் என்று சொல்லப்படும் இது கேரளத்தின் மாநிலப் பறவை. அலகின்மேல் இன்னோர் அலகு கவிழ்ந்ததைப் போன்ற அந்தக் கொண்டை, பார்க்கத்தான் கனமாகத் தெரிகிறது. உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவை விட்டு, வாரக்கணக்கில் உள்ளேயே அடைகாக்கும். ஆண் பறவை பழங்களைக் கொண்டுவந்து அந்தப் பிளவின் வழியாக ஊட்டும். ஆண் பறவை வராமல் போனால் தாயும் குஞ்சும் பட்டினியாகக் கிடக்க வேண்டியதுதான். ஆகவே இருவாட்சிக்கு வேண்டியது வெறும் காடு அல்ல. பெரிய பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரங்கள் உள்ள காடு. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஐம்பது ஆண்டுகள் தச்சு வேலை செய்த என் தகப்பனார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பருவத்து மரத்தத்தான் மக்களே, நாங்க உத்திரத்துக்குத் தேடுவோம்” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எலும்புக்கூடுகள் இருக்கும் பகுதியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எவ்வளவோ உண்டு. யானையின் தந்தம் கொம்பு அல்ல, நீண்டு வளர்ந்த முன்வரிசை வெட்டுப்பல் என்பதை மகளுக்கு அங்கேதான் சொன்னேன். யானை தன் பாதத்தில் ஏறக்குறைய விரல்நுனியால் நிற்கிறது, குதிகாலுக்கு அடியில் தடித்த கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது, அவ்வளவு பெரிய உடல் சத்தமில்லாமல் நடப்பதற்கு அதுவே காரணம் என்பதையும் சொன்னேன். பாலூட்டிகளின் முன்கால் எலும்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் விளையாட்டைப் பிள்ளைகளோடு போகிறவர்கள் தவறாமல் ஆட வேண்டும். குரங்கின் கையும் வௌவாலின் சிறகும் ஒரே அடுக்கில் அமைந்தவை என்பதைப் பாடப்புத்தகப் படத்தில் பார்ப்பது வேறு, எலும்பிலேயே எண்ணிப் பார்ப்பது வேறு.

அந்தக் காலத்தில் இந்த மியூசியத்தை நடத்தியவர்களில் ஹெரால்ட் ஃபெர்குசன் என்ற இயற்கையியலாளரை இங்கே நினைக்க வேண்டும். திருவிதாங்கூரின் பறவைகள், பாம்புகள், தவளைகள் ஆகியவற்றைத் தேடிச் சேகரித்தவர் அவர். தேரை இனம் ஒன்றுக்கு 1892-இல் அவருடைய பெயரையே வைத்தார்கள். நம் தோட்டத்து மண்ணில் கிடக்கும் தேரைக்கு ஒரு மியூசியம் இயக்குநரின் பெயர் இருந்தது என்ற செய்தி, வீடு திரும்பிய பிறகும் எங்கள் வீட்டில் பல நாள் வேடிக்கையாகப் பேசப்பட்டது.

இதே அருங்காட்சியகத்தில் விலங்குகளுக்கு நடுவே மரத்தால் செய்த நாலுகெட்டு மாதிரி ஒன்று இருக்கிறது. நடுமுற்றமும் நான்கு புறமும் கட்டுகளும் கொண்ட பழைய தறவாட்டு வீட்டின் சிறு வடிவம் அது. இயற்கை வரலாற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு முதலில் புரியவில்லை. தகப்பனார் அதைச் சுற்றி மூன்று முறை நடந்து, கூரையைத் தாங்கும் சாய்மரங்களான கழுக்கோல்களை விரலால் எண்ணினார். கல்குளம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகளைப் பழுதுபார்த்தே பெரும்பகுதி வாழ்நாளைக் கழித்தவர் அவர். அயனி மரத்துக்கும் தேக்குக்கும் எந்த இடத்தில் எது நிற்கும் என்று மகளுக்கு அவர் நடத்திய பாடம், எந்த வழிகாட்டியிடமும் கிடைக்காதது.

இதன் பிறகுதான் நேப்பியர் மியூசியத்துக்குப் போனோம். பழைய கட்டடத்தை 1874-இல் இடித்துவிட்டு, சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரில் எழுப்பத் தொடங்கிய இந்தக் கட்டடம், ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1880-இல் முடிந்தது. வரைந்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஸம். சென்னைக் கடற்கரைச் சாலையில் குவிமாடங்களோடு நிற்கும் பல்கலைக்கழக செனட் மாளிகையைக் கட்டியவரும் இவரே. அங்கே குவிமாடம் வைத்தவர் இங்கே ஏன் சாய்வான கூரையையும் செதுக்கிய முகப்புகளையும் வைத்தார் என்பது, எங்கள் ஊர்க்காரர்கள் ஆர்வத்தோடு கேட்க வேண்டிய கேள்வி. சிஸம் இந்தக் கட்டடத்தை வரைவதற்கு முன் திருவிதாங்கூரின் மரக் கட்டடக் கலையைப் படித்தார். அவர் பார்த்தவற்றில் தக்கலைக்கு அருகில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையும் ஒன்று.

இதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தகப்பனாருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு எதிரே நின்று நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்த அவர், “இது நம்ம கொட்டாரத்துக் கூரையாக்கும்” என்றார். அரண்மனையைத்தான் எங்கள் பக்கத்தில் கொட்டாரம் என்போம். பக்கவாட்டில் போய் முகப்பின் வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் வெள்ளக்காரன் கலந்திருக்கான்” என்று சேர்த்துக்கொண்டார். கட்டடக் கலை வல்லுநர்கள் இந்தோ-சாரசனிக் என்றும் கேரள, முகலாய, இத்தாலிய பாணிகளின் கலவை என்றும் நான்கு பக்கம் எழுதுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம்தான். அதன் பிறகு தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ஊர் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத்திடமே தங்கிவிட்டது. ஆகவே எங்கள் ஊரில் கேரளத்தின் அரண்மனை நிற்கிறது. அவர்களுடைய தலைநகரின் நடுவில் எங்கள் ஊர்க் கூரை நிற்கிறது. இந்த மியூசியத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முந்தின வாரமே பத்மநாபபுரத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. இரண்டையும் பார்த்தவருக்கு, மரத்தின் இலக்கணத்தைச் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மொழிபெயர்க்க சிஸம் எங்கெங்கே சிரமப்பட்டிருக்கிறார் என்பதுகூடத் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்வது குளிர்ச்சி. குளிர்சாதனம் இல்லாத காலத்தில், காற்று புகுந்து மேலே எழுந்து வெளியேறும்படி உயரமான கூரையும் திறப்புகளும் வைத்துக் கட்டப்பட்டது இது. உட்சுவர்களில் பூசியிருக்கும் வரி வரியான வண்ணங்கள் சிலருக்குக் கண்ணை உறுத்தலாம். எனக்கும் முதல் பத்து நிமிடம் அப்படித்தான் இருந்தது. வெண்கலச் சிலைகளின் கருமையை அந்த வண்ணங்கள் எடுத்துக்காட்டுகின்றன என்பது பிறகுதான் பிடிபட்டது.

அந்த வெண்கலச் சிலைகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தஞ்சைப் பக்கத்துச் சோழர் படிமங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கேரளத்துப் படிமங்கள் முதலில் சற்றுக் குட்டையாகவும் நகை மிகுந்தவையாகவும் தெரியும். சோழர் படிமத்தில் உடலின் வளைவு முதலில் கண்ணில் படும், ஆபரணம் பிறகு வரும். கேரளப் படிமத்தில் மணிமுடியும் கழுத்தணிகளும் அரைக்கச்சையும் அடுக்கடுக்காக முன்வந்து நிற்க, உடல் அவற்றுக்குப் பின்னால் அமைதியாக இருக்கும். கதகளி வேடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த ரசனை புரிந்துவிடும். வசதியாக, கதகளி வேடங்களின் ஆளுயர உருவங்களும் இதே மியூசியத்தில் இருக்கின்றன. சோழர் படிமம், கேரளப் படிமம் இரண்டுமே மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் வார்க்கப்பட்டவை. அதனால் ஒவ்வொரு படிமத்துக்கும் அச்சு ஒரு முறைதான். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்காது.

விளக்கப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைப் பக்கத்துக்காரர்களான எங்களில் பலருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. நானும் அந்த வகைதான். தகப்பனாரோ 1956-க்கு முன் ஆரம்பப் பள்ளியில் மலையாள எழுத்துப் படித்தவர். எழுபது ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த அந்த எழுத்தை அவர் தூசி தட்டி எடுத்து, பலகை பலகையாக எழுத்துக்கூட்டி வாசித்து எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். “பாட்டா, உங்களுக்கு இது தெரியும்னு சொல்லவே இல்லியே” என்று மகள் வியந்தாள். வீட்டில் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இருந்தால், முழங்கால் வலியைக் காரணம் காட்டி விட்டுவிட்டுப் போகாமல், அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் உட்கார இடம் நிறைய இருக்கிறது.

தந்தச் சிற்பங்களைப் பற்றி என் கருத்து சற்று மாறுபட்டது. திருவிதாங்கூரின் தந்த வேலை உலகப் புகழ் பெற்றது. உத்திரம் திருநாள் மகாராஜா விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. இங்கே இருப்பவற்றின் நுணுக்கமும் மறுக்க முடியாதது. ஆனால் சற்று முன்புதான் அது யானையின் பல் என்று மகளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் ஒரு சிற்பத்தின் முன்னால் நின்று, “இதுக்கு ஒரு யானை போதுமாப்பா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னால் வேலைப்பாட்டை ரசிக்க முடியவில்லை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1986-இல் கொண்டுவந்த திருத்தத்தால் இந்திய யானைத் தந்தத்தின் வணிகமும் தடைசெய்யப்பட்டது. உளி பிடித்த கைகள் பல சந்தன மரத்துக்கும் ஈட்டி மரத்துக்கும் மாறின. கலையை முதலில் பார்த்துவிட்டு விலங்கைப் பிறகு பார்த்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது. முதலில் இயற்கை வரலாறு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கூத்தம்பலத்தின் மாதிரியையும் மரத் தேரையும் தகப்பனாரிடமே விட்டுவிட்டேன். கோயிலுக்குள் கூடியாட்டமும் சாக்கியார் கூத்தும் நடப்பதற்கென்று கட்டப்படும் அரங்கம் கூத்தம்பலம். பெரிய கூரைக்குள் மேடைக்கென்று தனியாக இன்னொரு சிறு கூரை. அந்தக் கூரைக்குள் கூரையின் கணக்கை அவர் எனக்கு விளக்கினார், பாதிதான் புரிந்தது.

அங்கிருக்கும் தோற்பாவைகளின் முன்னால் தமிழர்கள் கட்டாயம் நிற்க வேண்டும். இராமாயணமும் பாரதமும் ஆடுவதற்கான பாவைகள் அவை. அவற்றைப் பார்த்ததும் எனக்குப் பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களின் தோல்பாவைக்கூத்து நினைவுக்கு வந்தது. அதற்கென்று நிரந்தரமாகக் கட்டிய கூத்துமாடங்களில், திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்குகளை வரிசையாக ஏற்றி, இரவு முழுவதும் ஆடுகிற அந்தக் கூத்தில் பாடப்படுவது கம்பனின் பாட்டு. மலையாளம் பேசுகிற ஊரில், மலையாளம் பேசுகிற புலவர், பாவையைப் பிடித்தபடி கம்பனின் விருத்தத்தைச் சொல்லிப் பொருள் விரிக்கிறார். நம் பக்கத்தில் தோற்பாவைக் கூத்து அருகிவரும் காலத்தில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஓவியக் காட்சியகங்களை நாங்கள் இரண்டாம் நாளுக்குத் தள்ளி வைத்தோம். அது சரியான முடிவு. களைத்த கண்ணால் ரவிவர்மாவைப் பார்ப்பதில் பயனில்லை. கிளிமானூரில் 1848-இல் பிறந்த அவர், பதினான்கு வயதில் ஆயில்யம் திருநாளின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். நேப்பியர் கட்டடத்தை எழுப்பிய அதே மன்னர்தான் ஓவியருக்கும் இடம் கொடுத்தவர். அங்கே அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை இளைஞருக்குச் சொல்லிக்கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை என்றும், அவருடைய மாணவரான ஆறுமுகம் பிள்ளை கமுக்கமாக உதவினார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1873-இல் வியன்னாவில் பரிசு வாங்கிய கையின் பின்னால் இப்படி ஒரு தமிழ்த் தகராறும் ஒரு தமிழ் உதவியும் இருக்கின்றன.

சகுந்தலை காலில் தைத்த முள்ளை எடுப்பதாகப் பாவனை செய்து துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் 1898-ஆம் ஆண்டு ஓவியமும், அன்னம் சொல்வதைத் தமயந்தி கேட்டுக்கொண்டிருக்கும் 1899-ஆம் ஆண்டு ஓவியமும் இந்தச் சேகரிப்பில் உள்ளவை. இவற்றைக் காலண்டரிலும் தீப்பெட்டியிலும் சேலைக்கடைப் பையிலும் ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம்; 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து பரவிய பழக்கம் அது. ஆனால் மூல ஓவியத்தின் முன்னால் நிற்கும்போது காலண்டர் காட்டாத ஒன்று தெரிகிறது: துணி. தமயந்தியின் சேலை எந்த இடத்தில் உடலை ஒட்டி விழுகிறது, எந்த இடத்தில் தன் கனத்தால் தானே மடிகிறது என்பதை வண்ணத்தாலேயே நெய்திருக்கிறார். வரும் வழியில் ரயில் பாலராமபுரத்தில் நின்றது. வள்ளியூர், நாகர்கோவில் பக்கங்களிலிருந்து திருவிதாங்கூர் மன்னர் அழைத்துக் குடியமர்த்திய தமிழ்ச் சாலியர்களின் நெசவு ஊர் அது. அங்கே தறியைக் கண்டவர்களுக்கு இந்தச் சேலைகள் இன்னும் அதிகமாகப் பேசும்.

ரவிவர்மாவின் தம்பி ராஜராஜவர்மாவின் நிலக்காட்சிகளையும், தங்கை மங்களாபாய் தம்புராட்டியின் ஓவியங்களையும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். அண்ணனின் பெரிய பெயருக்கு அடியில் அமர்ந்து வரைந்த அந்தப் பெண்ணின் தூரிகைக்கு நான் நெடுநேரம் செலவிட்டேன்.

ஸ்ரீ சித்ரா காட்சியகம் 1935-இல், சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸின் முயற்சியால் தொடங்கியது. தஞ்சாவூர்ப் படங்கள், முகலாய, இராஜபுத்திரச் சிற்றோவியங்கள், சீன, ஜப்பானியப் படங்கள், இமயமலையை நீலமும் ஊதாவுமாக வரைந்த ருஷ்ய ஓவியர் நிக்கலஸ் ரோரிக்கின் படங்கள் என்று அங்கே எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. என் ரசனைக்கு அது ஒரு விருந்தில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே இலையில் வைத்ததைப் போன்றது. ரோரிக்கிடமும் சுவரோவிய நகல்களிடமும் மட்டும் நின்றேன். குலசேகரத்தை அடுத்த திருநந்திக்கரைக் குடைவரையில் பழைய சுவரோவியத்தின் கோடுகள் மட்டும் மங்கலாக எஞ்சியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, நகலெடுத்து வைப்பதன் அருமை தெரியும்.

விலங்குக் காட்சிசாலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மியூசியத்தை அடுத்து 1850-களில் தொடங்கிய இது, இந்தியாவின் பழைமையான காட்சிசாலைகளுள் ஒன்று; ஏறக்குறைய ஐம்பத்தைந்து ஏக்கர். எனக்கு அடைக்கப்பட்ட விலங்குகளைவிட அந்த நிலத்தின் பழைய மரங்களே பிடித்தன. மகளுக்கு நீர்யானை பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சிங்கவால் குரங்கை நிதானமாகப் பாருங்கள். மாலை நான்கு மணிக்குப் போனால் வெயிலும் தணிந்திருக்கும், விலங்குகளும் அசையும்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். திங்கட்கிழமை விடுமுறை, மியூசியமும் ஓவியக் காட்சியகங்களும் புதன்கிழமை முற்பகல் திறப்பதில்லை, மற்ற நாள்களில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்துக்குக் கால் மணி முன்பு வரை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கலாம் என்பதால் சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் நடக்கச் சீட்டு வேண்டாம். அதிகாலையில் நகரத்தில் பாதிப் பேர் அங்கேதான் நடக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் பக்கத்தில் ஓர் உணவகத்தில் நுழைந்து, வெகுநேரம் காத்திருந்து, ஆறிய சோற்றைத் தின்றுவிட்டு வந்தோம். இரண்டாம் நாள் வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். திரும்பும்போது தம்பானூரில், லாரி பேக்கர் வடிவமைத்த, செங்கல் கோபுரத்தைப் போல் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காப்பி குடிக்கலாம். அந்தச் சுழல் தளம் எப்படி நிற்கிறது என்று தகப்பனார் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில், நாகர்கோவில் வண்டியை நாங்கள் ஏறக்குறைய விட்டிருப்போம்.